பெய்தது, பெய்திருக்கும், பெய்ததாம்: ஆய்வு மாணவர்களுக்கு விஞ்ஞானத்தின் இயல்பைச் சொல்லிக்கொடுத்தல்

இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெயர் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’. கருதுகோள் என்றால் என்ன, அதை எப்படிச் சோதிப்பது, பார்த்த காகமெல்லாம் கறுப்பு என்பதால் பார்க்காத காகமும் கறுப்பு என்று சொல்லலாமா என்பது போன்ற கேள்விகளெல்லாம் அதற்குரியவை. அந்தப் பாடத்தை எடுப்பவர்கள் கலைப்பிரிவுப் பிள்ளைகள். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் எடுத்த பிள்ளை அந்தப் புத்தகத்தைப் புரட்டியும் பார்ப்பதில்லை.

அந்தப் பிள்ளைதான் பிறகு விஞ்ஞான பீடத்துக்குப் போகிறது. நாலு வருடம் சிறப்புப் பட்டம், அதன்பின் பட்டப்பின்படிப்பு, கடைசியில் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு. நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தெரியும், மாதிரி எடுக்கத் தெரியும், புள்ளிவிபர மென்பொருளை ஓட்டத் தெரியும். ‘நீங்கள் செய்கிற வேலையை ஏன் விஞ்ஞானம் என்கிறோம்?’ என்று கேட்டால் மட்டும் பதில் வரத் தாமதமாகும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை.

கொழும்பில் ஆய்வு மாணவர்களோடு நெடுநாளாகப் பழகி வருகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஐந்தாறு பேர் கூடுவோம். ஒருவர் மண்ணை ஆராய்கிறார், ஒருவர் நுளம்பை, இன்னொருவர் பாடசாலைக் கல்வியை. மட்டக்களப்பு, மன்னார், ஹட்டன் என்று ஊர்கள் வேறு. ஆய்வேடு எழுதுவது ஆங்கிலத்தில், கதைப்பது தமிழில். அந்தக் கதையிலிருந்து பிறந்ததுதான் இந்த விளக்கம். ஆய்வைத் தொடங்கப்போகிறவர்களுக்கும், அவர்களை வழிநடத்துகிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

எதை ‘இயல்பு’ என்கிறோம்?

‘மலேரியாவை நுளம்பு பரப்புகிறது.’ இது விஞ்ஞான அறிவு. நுளம்பைப் பிடித்து, வெட்டி, அதன் வயிற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பது விஞ்ஞான முறை. இந்த இரண்டையும் பல்கலைக்கழகம் நன்றாகவே கற்பிக்கிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு.

1897 ஓகஸ்ட் 20 அன்று செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் கறுப்பு நிறமணிகள் கொண்ட சில கலங்களைக் கண்டார். அவர் கண்ணால் கண்டது அவ்வளவுதான். அந்தக் கலங்கள் மலேரியாக் கிருமியின் ஒரு பருவம் என்பது அவருடைய ஊகம். கிருமியின் முழுச் சுற்றையும் அவர் அடுத்த வருடம் கல்கத்தாவில் காட்டியது பறவை மலேரியாவில். மனிதருக்கும் அப்படியே நடக்கிறது என்பதை அதே 1898 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நுளம்பின் வயிற்றில் கண்ட சில கலங்களிலிருந்து, உலகத்து மலேரியா முழுவதற்கும் நுளம்புதான் வழி என்ற முடிவுவரை எத்தனை படிகள்? எந்தப் படி பலமானது, எது அப்போது தளர்வாக இருந்தது? எதைக் கண்டால் அந்த முடிவைக் கைவிட்டிருப்போம்? இப்படிக் கேட்கத் தொடங்கும்போது விஞ்ஞானத்தின் இயல்பைப் பற்றிப் பேசுகிறோம். அறிந்ததை அறிவது மட்டுமல்லாமல், எப்படி அறிந்தோம், எவ்வளவு உறுதியாக அறிந்தோம் என்பதையும் அறிவது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளங்கவைக்க எனக்குப் பெரிய புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று வினைச்சொற்கள் போதும்.

இரவில் யன்னலோரம் நின்று மழையைப் பார்த்தவர் காலையில் ‘மழை பெய்தது’ என்பார். காலையில் எழும்பிக் காலி வீதி நனைந்து கிடப்பதைப் பார்த்தவர் ‘இரவு மழை பெய்திருக்கும்’ என்பார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லக் கேட்டவர் ‘மழை பெய்ததாம்’ என்பார். மூன்றும் ஒரே மழையைப் பற்றியவை. ஆனால் தமிழில் வாய் திறந்தவுடனேயே, அந்தச் செய்தி எந்த வழியாக நம்மிடம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். நம் பழைய அளவை நூல்கள் இவற்றைக் காண்டல், கருதல், உரை என்று பிரித்தன. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் புதிதல்ல. ‘அளவையியல்’ என்று உயர்தரப் பாடத்துக்குப் பெயர் வந்ததும் அந்த அளவையிலிருந்துதான்.

நனைந்த வீதியைப் பார்த்து ‘பெய்திருக்கும்’ என்றவர் தவறு செய்யவில்லை. ஆனால் இரவில் தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தாலும் வீதி நனைந்துதான் இருக்கும். அப்படியானால் கூரையையும் பார்க்கவேண்டும், அடுத்த ஒழுங்கையையும் பார்க்கவேண்டும். கூரை காய்ந்திருந்தால் ‘பெய்திருக்கும்’ விழுந்துவிடும். கருதுகோளைச் சோதிப்பது என்பது இதுதான். கார்ல் பொப்பர் என்ற தத்துவவாதி 1934 இல் இதை ஒரு கொள்கையாகவே வைத்தார்: எதைக் கண்டால் ‘நான் சொன்னது பிழை’ என்று ஒப்புக்கொள்வாய் என்பதைச் சொல்ல முடியாத கூற்றை விஞ்ஞானக் கூற்றாக எடுக்க முடியாது. விஞ்ஞானத்துக்கு அது மட்டுமே இலக்கணம் என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். பிழை வந்தவுடன் கொள்கையைத் தூக்கி எறியாமல், கருவியில் கோளாறா என்று முதலில் பார்ப்பதும் நல்ல விஞ்ஞானமே. ஆனாலும் ஆய்வு மாணவருக்கு முதல் நாளில் தரவேண்டிய கேள்வி பொப்பருடையதுதான்.

இன்னொரு பழைய மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கருதுகோள் வளர்ந்து கொள்கையாகும், கொள்கை நிரூபிக்கப்பட்டால் விதியாகும் என்று பாடசாலையில் படித்த ஏணி ஒன்று பலருடைய மனதில் இருக்கிறது. அப்படி ஒரு ஏணி இல்லை. வாயுவை அமுக்கினால் கனவளவு எப்படிக் குறையும் என்று போயிலின் விதி 1662 இல் சொன்னது. ஏன் குறைகிறது என்று வாயுத் துணிக்கைகளின் அசைவைக் கொண்டு சொன்ன இயக்கக் கொள்கை வலுப்பெற ஏறக்குறைய இருநூறு வருடம் எடுத்தது. விதி ஒழுங்கைச் சொல்கிறது, கொள்கை காரணத்தைச் சொல்கிறது. ஒன்று மற்றதாக வளர்வதில்லை. ‘அது வெறும் கொள்கைதானே’ என்று ஒருவர் பரிணாமத்தைத் தள்ளிவிடும்போது, இந்த ஏணிதான் அவர் காலுக்குக் கீழே இருக்கிறது.

நம் நாட்டு மலேரியா சொல்லித்தருவது

வெளிநாட்டுக் கதைகளைவிட நம் மண்ணின் கதை மாணவர் மனதில் நிற்கிறது. மலேரியாவைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுப்பேன்.

மழை கூடினால் நுளம்பு கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவு. மழை குறைந்த உலர் வலயத்தில் அது பெரும்பாலும் பொருந்தியது. மழை கூடிய பகுதிகளில் அப்படியல்ல. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் ஓட்டம் நின்று, மணலுக்கும் பாறைக்கும் இடையே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கின. இங்கே மலேரியாவைக் கொண்டுசெல்லும் அனொபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு வெயில் படும் தெளிந்த குட்டை என்றால் விருப்பம். 1934 இன் இறுதியிலும் 1935 இலுமாகக் கேகாலை, குருணாகல் பக்கங்களில் வீடு வீடாக மக்கள் விழுந்தார்கள். சுமார் 80,000 பேர் இறந்ததாகக் கணிப்பு. மழை வந்ததால் அல்ல, வராததால் வந்த கொள்ளைநோய். வழக்கமாக மலேரியா குறைவாக இருந்த இடம் என்பதால் அந்த மக்களுக்கு உடலில் எதிர்ப்பும் குறைவு.

இதைச் சொல்லிவிட்டு ‘அப்படியானால் மழைக்கும் மலேரியாவுக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பேன். ‘இடத்தைப் பொறுத்தது’ என்று ஒருவர் சொல்வார். எந்த இடத்தில், எந்த ஆற்றுக்கு, எந்த நுளம்புக்கு என்று தோண்டத் தொடங்கும்போதுதான், ஒரு பொதுமையாக்கம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற எல்லைக்கோடு அவர்களுக்குத் தெரியவரும். தன் ஆய்வேட்டின் முடிவுரையில் அந்தக் கோட்டைக் கீறத் தெரிந்தவர் பாதித் தூரம் வந்துவிட்டார் என்பேன்.

அடுத்தது இன்னும் கடினமான கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 - 46 காலத்தில் வீடுகளுக்குள் டி.டி.டி. என்ற பூச்சிநாசினியைத் தெளிக்கும் வேலை நாடெங்கும் விரிந்தது. 1946 இல் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் சுமார் 14 ஆக இறங்கியது. ஒரே வருடத்தில். டி.டி.டி.தான் காரணம் என்று அப்போது பலரும் சொன்னார்கள். வரைபில் பார்த்தால் வேறு காரணமே தேவையில்லை போலத்தான் இருக்கும்.

குடித்தொகை ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. மலேரியா அவ்வளவாக இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருந்தது. அங்கே குறைத்தது எது? போர் முடிந்து உணவு வரத்துச் சீரானது, ஆஸ்பத்திரிகளும் கிராமச் சுகாதார நிலையங்களும் பெருகின, பிரசவப் பராமரிப்பு மேம்பட்டது. எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை. பல பத்தாண்டுகள் நீடித்த விவாதம் அது. மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு என்று ஒருவர் கணக்கிட்டார், நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு என்றார் இன்னொருவர். இருவரும் பார்த்தது ஒரே நாட்டின் பதிவேடுகளைத்தான். மாவட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் விதத்திலும், எதை எதனுடைய விளைவாக எண்ணுவது என்ற எடுகோளிலும் வேறுபட்டார்கள்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு மௌனம் வரும். ‘அப்ப எது சரி, மிஸ்?’ என்று கேட்பார்கள். டி.டி.டி. உயிர்களைக் காத்தது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒரே விடயத்தில் உறுதியான பகுதியும் உறுதியற்ற பகுதியும் சேர்ந்தே இருக்கலாம் என்பது ஆய்வு மாணவர் பலருக்குப் புதிய செய்தி. ‘விஞ்ஞானிகள் சண்டைபிடிக்கிறார்கள், ஆகவே ஒன்றும் தெரியாது’ என்றும், ‘விஞ்ஞானம் சொல்லிவிட்டது, ஆகவே முடிந்தது’ என்றும் இரண்டு முனைகளில் மட்டும் நின்று பழகியிருப்பார்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. 1963 இல் நாடு முழுவதும் பதினேழு மலேரியா நோயாளிகள் மட்டுமே பதிவானார்கள். ஒழிந்தது என்று எண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வருடத்துக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல் நோயாளிகள். 2016 செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனம் தந்தது.

குமரிக்கண்டத்தை எடுத்தால்

தமிழ் மாணவர்கள் இருக்கிற அறையில் நான் தவிர்க்காத ஒரு விடயம் இது. தவிர்த்தால் விஞ்ஞானத்தின் இயல்பை ஊரார் விடயங்களில் மட்டும் கேட்டுவிட்டு, நம்முடையது வரும்போது வாய்மூடியதாகிவிடும்.

1864 இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு புதிரை எடுத்தார். மடகஸ்காரில் லெமூர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு உறவான விலங்குகள் இந்தியாவிலும் உண்டு. நம் தேவாங்கும் அந்தக் குடும்ப உறவுதான். இடையே கடல். எப்படிக் கடந்தன? முன்னொரு காலத்தில் அங்கே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்றார் அவர். லெமூரியா என்று பெயரும் வைத்தார். ‘இருக்கும்’ என்ற வினையைக் கவனியுங்கள். அன்றைய அறிவுக்கு அது நியாயமான, கெட்டித்தனமான கருதுகோள்.

பிறகு 1912 இல் அல்பிரட் வெகனர் கண்டங்களே நகர்கின்றன என்றார். நகர்த்துகிற விசை எது என்று காட்ட முடியாததால் பலர் ஏற்கவில்லை. 1960களில் கடலடித் தரையின் ஆய்வுகள் வந்தபின் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றது. இந்தியா, இலங்கை, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒரு காலத்தில் கொண்டுவானா என்ற பெருநிலத்தில் ஒட்டிக் கிடந்தன. இலங்கையின் பழம்பாறைகளுக்கு ஒத்த பாறைகள் இன்று மடகஸ்காரிலும் கிழக்கு அந்தாட்டிக்காவிலும் கிடக்கின்றன. நிலமே நகர்ந்தது என்றால், மூழ்கிய கண்டம் ஒன்றைக் கற்பனை செய்யத் தேவையில்லை. லெமூரியாவை விஞ்ஞானம் கைவிட்டது.

கடல்கொண்ட நிலம் பற்றித் தமிழ் இலக்கியமும் உரைகளும் பேசுவது வேறு விடயம். அவை ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவைச் சுமக்கும் உரைகள். கரையோரத்தில் கடல் ஏறிய அனுபவம் அவற்றுக்குப் பின்னால் இருக்கலாம். அந்த உரையையும் ஸ்கிளேட்டரின் கருதுகோளையும் பின்வந்தவர்கள் ஒன்றாகக் கட்டி, கடலில் மூழ்கிய தமிழர் நிலமான குமரிக்கண்டம் என்றார்கள். கட்டிய இடத்தில் ‘இருந்திருக்கும்’ மெல்ல ‘இருந்தது’ ஆயிற்று.

ஒருமுறை ஒரு தம்பி கோபப்பட்டார். ‘நம் வரலாற்றையே பொய் என்கிறீர்களா?’ என்றார். இல்லை என்றேன். மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்: இதில் யாரும் கண்டது எது? கண்டதிலிருந்து கருதியது எது? சொல்லக் கேட்டது எது? அவர் இரண்டு வாரம் கழித்து வந்து, தன் தாவரவியல் ஆய்வின் முதல் அத்தியாயத்தையும் அதே மூன்று கேள்விகளால் பிரித்துப் பார்த்ததாகச் சொன்னார். அவரிடமிருந்துதான் என் முக்கியமான பயிற்சியைக் கற்றுக்கொண்டேன்.

எப்படிக் கற்பிப்பது

தத்துவவாதிகளின் பெயர்ப் பட்டியலில் தொடங்கவேண்டாம். பொப்பர், கூன் என்று இரண்டு மணித்தியாலம் விரிவுரை செய்தால் குறிப்பெடுப்பார்கள். தங்கள் ஆய்வுகூடத்துக்கு அதைக் கொண்டுபோகமாட்டார்கள்.

முதல் நாளில் ஒரு வெறும் பால்மாப் பேணிக்குள் எதையாவது போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டி, கையில் கொடுப்பேன். குலுக்கலாம், சரிக்கலாம், நிறுக்கலாம், காந்தம் வைத்துப் பார்க்கலாம். திறக்கக்கூடாது. உள்ளே என்ன என்று கீறிக் காட்டவேண்டும். ‘உருளுது, போளையாக்கும்’ என்பார் ஒருவர். ‘உருண்டு நடுவில் நிற்குதே’ என்பார் அடுத்தவர். உள்ளே தடுப்பு இருக்கிறது என்று ஒரு கட்சி, இரண்டு பொருள் இருக்கிறது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் வேறுவேறு விளைவு வரக்கூடிய ஒரு சோதனையைக் கண்டுபிடியுங்கள் என்பேன். அதுதான் உண்மையான வேலை. அரைமணித்தியாலம் அதிலேயே போகும். முடிவில் ‘மிஸ், இனித் திறந்து காட்டுங்கோவன்’ என்பார்கள். நான் திறப்பதில்லை. பிடிவாதத்துக்காக அல்ல. கைகரும் மார்ஸ்டனும் 1909 இல் பொற்றகட்டில் அல்பாத் துணிக்கைகளை விட்டுப் பார்த்து, அதிலிருந்து ரதர்போர்ட் 1911 இல் அணுவுக்குக் கரு உண்டு என்று சொன்னபோது, யாரும் அணுவைத் திறந்து காட்டி அவரைச் சரிபார்க்கவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கும் என்று இருபது வருடம் படித்து வந்தவர்கள், பின்பக்கமே இல்லாத புத்தகத்தைப் படிக்கப்போகிறார்கள் என்பதை உணரவேண்டும்.

இரண்டாவது வேலை, ஒரு திறந்த பிரச்சினையைப் பல பக்கத்திலிருந்து வாசிக்கவைப்பது. வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைவிட இதற்குப் பொருத்தமானது நம் நாட்டில் இல்லை. 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கத்து விவசாயிகளிடம் அது தெரியவந்தது. நீரிழிவும் இல்லை, உயர் இரத்த அழுத்தமும் இல்லை, சிறுநீரகம் மட்டும் கெடுகிறது. நோயின் பெயரிலேயே ‘காரணம் அறியப்படாத’ என்ற அடைமொழி வந்து உட்கார்ந்துகொண்டது. கட்மியம், ஆசனிக்கு, கடின நீரோடு சேர்ந்த புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் வேலை செய்து உடல்நீர் வற்றுவது என்று கருதுகோள்கள் பல. மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும் இதையொத்த நோய் இருக்கிறது. அங்கே வெப்பத்தைப் பற்றிய பேச்சு அதிகம், இங்கே குடிநீரைப் பற்றிய பேச்சு அதிகம்.

மாணவர்களை அணிகளாகப் பிரித்து ஆளுக்கொரு கருதுகோளின் கட்டுரைகளைக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். நீரை அளக்கத் தெரிந்தவர் நீரை அளந்திருக்கிறார், உலோகத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவர் உலோகத்தை அளந்திருக்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் எங்கே பார்ப்பது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே நம் பயிற்சி தீர்மானித்துவிடுகிறது. ‘நீ எதை அளக்கவில்லை, ஏன்?’ என்ற கேள்வி அப்போது தானாக வரும்.

அந்த நோய்க்கும் கிளைபோசேற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்று 2014 இல் ஒரு கட்டுரை வந்தது. அது தன்னைக் கருதுகோள் என்றுதான் சொல்லிக்கொண்டது. 2015 இல் நாட்டில் அந்தக் களைநாசினிக்குத் தடை வந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. தடை சரியா பிழையா என்பதை நான் வகுப்பில் தீர்ப்பதில்லை. ஆபத்து பெரிதானால் முழுச் சான்று வரும்வரை காத்திருக்க முடியாது என்பதும் ஒரு நியாயம். ஆனால் ‘இருக்கலாம்’ என்று ஆய்வு இதழில் இருந்த சொல் பத்திரிகைக்கு வந்து, மேடைக்கு வந்து, எந்த இடத்தில் ‘இருக்கிறது’ ஆனது என்று தேடச் சொல்வேன். ஒரு நாள் இவர்களுடைய வாக்கியமும் அந்தப் பயணம் போகலாம்.

புள்ளிவிபரத்தைப் பற்றிச் சுருக்கமாக. உண்மையில் ஒரு தொடர்பும் இல்லாத இடத்தில் இருபது தனித்தனிச் சோதனை செய்தால், ஏதாவது ஒன்றிலாவது p பெறுமானம் (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வழக்கமான எல்லையான 0.05 இன் கீழ் வந்து ‘கண்டுபிடிப்பு’ போலத் தோன்றும் வாய்ப்பு 64 சதவீதம். வந்ததை மட்டும் எழுதி, வராத பத்தொன்பதை இலாச்சிக்குள் வைத்தால், அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் கீறியதாகிவிடும். ஆகவே தரவைத் திறக்கமுன் ‘நான் எதிர்பார்ப்பது இது’ என்று திகதியிட்டு எழுதி ஒருவரிடம் கொடுத்துவைக்கச் சொல்கிறேன். 2015 இல் உளவியல் ஆய்வுகள் நூறைத் திரும்பச் செய்து பார்த்தபோது, குறிப்பிடத்தக்க முடிவு மறுபடி கிடைத்தது மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியவற்றில்தான்.

பிழையை ஒப்புக்கொண்ட கதைகளையும் சொல்லவேண்டும். 2011 செப்டெம்பரில் ஐரோப்பாவில் ஒரு பௌதிகவியல் குழு, நியூத்திரினோ என்ற மிகச்சிறு துணிக்கைகள் சுமார் 730 கிலோமீற்றர் தூரத்தை ஒளியைவிட 60 நனோ செக்கன் முந்திக் கடந்ததாக அளந்தது. ‘ஐன்ஸ்டைன் பிழை’ என்று கொண்டாடாமல், எங்கள் பிழையைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று உலகத்திடம் முடிவைக் கொடுத்தார்கள். மாதங்கள் கழித்து, சரியாகப் பொருந்தாத ஒரு ஒளியிழை இணைப்பு அகப்பட்டது. எங்கள் மாணவர்களுக்குச் சொந்தப் பிழை என்றால் மானப்பிரச்சினை. பிழையை மேற்பார்வையாளரிடம் சொல்லப் பயந்து மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களைத் தெரியும். விஞ்ஞானத்தின் இயல்பைக் கற்பிப்பதில் பாதி, பிழையைச் சொல்லக்கூடிய அறை ஒன்றை உண்டாக்குவது. அதை மாணவரால் தனியாகச் செய்யமுடியாது. மூத்தவர்கள் முதலில் தங்கள் பிழையைச் சொல்லவேண்டும்.

மேற்பார்வையாளர் சிலர் என்னிடம் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. இப்படிச் சந்தேகத்தை வளர்த்தால் மாணவர் எதையும் நம்பாமல் போவார், வெளியே உள்ளவர்கள் விஞ்ஞானத்தையே கைவிடுவார்கள் என்பது. என் அனுபவம் மறுபக்கம். 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட் நோய்க்கென்று ஒரு பாணி மருந்தை வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ‘விஞ்ஞானிகளும் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்கிறார்கள்தானே’ என்று அப்போது படித்தவர்களே கேட்டார்கள். சான்று மாறினால் சொல் மாறும், மாறவேண்டும் என்று சிறுவயதிலிருந்தே தெரிந்திருந்தால் அந்த மாற்றம் அவர்களுக்கு ஏமாற்றாகத் தெரிந்திருக்காது. அசையாத உண்மை என்று சொல்லிக்கொடுத்த பிறகு அசைந்தால்தான் நம்பிக்கை உடைகிறது.

இந்தக் கிழமையே செய்யக்கூடியது

உங்கள் ஆய்வேட்டின் முதல் இரண்டு பக்கங்களை எடுத்துப் பேச்சுத் தமிழில் மாற்றி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எல்லா வாக்கியமும் ஒரே குரலில் நிற்கும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் முடிவு தேடவேண்டி வரும்: தது, திருக்கும், ததாம். நீங்களே அளந்ததற்குத்தான் ‘தது’. அளந்ததிலிருந்து ஊகித்ததற்குத் ‘திருக்கும்’. மற்றவர் கட்டுரையிலிருந்து எடுத்ததெல்லாம், எவ்வளவு பெரிய இதழில் வந்திருந்தாலும், ‘ததாம்’. பெரும்பாலானவர்களுக்கு முன்னுரை முழுக்க ‘ஆம், ஆம்’ என்றே வரும். அதில் வெட்கம் இல்லை. உரையும் ஓர் அளவைதான், எல்லாவற்றையும் ஒருவரே அளக்க முடியாது. ஆனால் எந்த ‘ஆம்’ உடைந்தால் உங்கள் ஆய்வே உடையுமோ, அந்த ஒன்றையாவது அதன் மூலம்வரை போய்ப் பாருங்கள். மேற்கோள் காட்டியவர் யாரை மேற்கோள் காட்டினார், அவர் யாரை என்று.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வருடமாக வகுப்பில் ஒரு கதை சொல்லிவந்தேன். ஸ்பினாச் கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் ஆய்வாளர் தசமப்புள்ளியை இடம்மாற்றி வைத்த பிழையால் வந்தது, யாரும் மூலத்தைப் பார்க்காமல் பத்து மடங்காகப் பரப்பினார்கள் என்பது கதை. மூலத்தைத் தேடு என்று சொல்ல எவ்வளவு நல்ல உதாரணம்! ஒருநாள் கல்வி ஆராயும் தங்கச்சி, ‘மிஸ், இதை நீங்கள் எங்கே பார்த்தது?’ என்று கேட்டார். தேடிப்போனோம். 1981 இல் ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கட்டுரை அந்தக் கதையைப் பரப்பியிருந்தது. கதைக்கு அதில் மூலம் தரப்படவில்லை. 2010 இல் ஒரு குற்றவியல் ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் துருவிப் பார்த்து, அப்படி ஒரு தசமப்புள்ளிப் பிழை நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

அந்தக் கதையை இப்போதும் சொல்கிறேன். கடைசி வினையை மட்டும் மாற்றிவிட்டேன்: தசமப்புள்ளி இடம்மாறியதாம்.